கோட்டு ராத்தாவும் காணாமற்போன வழக்கும்

எங்கள் ஊரில் நீதிமன்றத்தைக் கட்டியது அரசாங்கம். அதைச் சரியாகப் பயன்படுத்தியது கோட்டு ராத்தா ஒருவர்தான். மற்றவர்களெல்லாம் அழைப்பாணை வந்ததால் போனவர்கள், பிணை எடுக்கப் போனவர்கள், மச்சானுக்குத் துணையாகப் போய் மர நிழலில் நின்றவர்கள். யாரும் கூப்பிடாமல், தன் சொந்த விருப்பத்தில் படியேறிப் போய், "எனக்கொரு பழைய வழக்குப் பாக்கணும், எடுங்க" என்று கடையில் சீத்தைத் துணி கேட்பது போலக் கேட்ட ஒரே மனுசி அவர்தான்.

அவருக்கு நல்லதொரு பெயர் உண்டு. அவருடைய விண்ணப்பங்களையெல்லாம் தட்டச்சு செய்தவன் என்ற வகையில் எனக்கு அது தெரியும். ஆனால் இங்கே எழுத மாட்டேன். எழுதினால் அடுத்த கிழமையே இந்தப் பத்திரிகை அலுவலகத்துக்கு ஒரு விண்ணப்பம் வந்து சேரும், என்னுடைய பெயரைப் போட உங்களுக்கு அனுமதி தந்தது யார், அந்த அனுமதியின் சான்றுப்படுத்திய பிரதி ஒன்று தேவை என்று. ஊருக்கு அவர் கோட்டு ராத்தா, அதாவது நீதிமன்றத்து அக்கா. உங்களுக்கும் அப்படியே இருக்கட்டும்.

நீதிமன்றத்துக்கு எதிரே எனக்கொரு கொமியூனிகேஷன் கடை. போட்டோ கொப்பி, தட்டச்சு, போனுக்கு ரீலோட். ஒரு நாள் காலை கடை திறந்து கூட்டிக்கொண்டிருக்கிறேன், கறுப்புக் குடையோடும் பிளாஸ்க்கோடும் ஒரு ராத்தா உள்ளே வந்தார். பிளாஸ்க்கைக் கொப்பி மெசினுக்கு மேலே வைத்தார். குடையைச் சுருட்டினார்.

"தம்பி, நீ கோட்டுக்கு முன்னால கடை வெச்சிரிக்காய். உனக்குச் சட்டம் தெரியுமா?"

"இல்ல ராத்தா. கொப்பி அடிக்கத்தான் தெரியும்."

"பரவாயில்ல. எனக்குத் தெரியும். நீ அடி."

அந்த நிமிடத்திலிருந்து நான் அவருடைய அலுவலகமாகிவிட்டேன். சம்பளம் இல்லை, லீவும் இல்லை.

விசயம் இதுதான். ராத்தாவின் வளவு கல்முனைக்குடியில் ஓர் உள்வளவு. தெருவிலிருந்து அதற்குப் போக ஒரே ஒரு ஒழுங்கை. அந்த வளவுக்குள் தன் வீட்டுக்குப் பின்னால் இளைய மகளுக்கென்று ஒரு வீடு கட்டி முடித்திருந்தார். எங்கள் பக்கத்து வழக்கம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: இங்கே பெண் புகுந்த வீட்டுக்குப் போவதில்லை. மாப்பிள்ளைதான் உடுப்புப் பெட்டியோடு பெண் வீட்டுக்கு வருவார். வீடு பெண்ணுக்கு, பெண்ணின் பெயரில். பெண் பிள்ளை பெற்றவர்கள் பிள்ளை தவழத் தொடங்கும்போதே வீட்டுக்குக் கல் அரியத் தொடங்கிவிடுவார்கள். ராத்தாவும் அப்படித்தான் கட்டினார். மாப்பிள்ளை பார்த்தாயிற்று. நிக்காஹ்வுக்கு நாளும் குறித்தாயிற்று. அந்த நேரத்தில் பக்கத்து வளவுக் கட்டார் ஹாஜியார் ஒழுங்கையில் அத்திவாரம் வெட்டினார்.

கட்டாரில் பல காலம் வேலை செய்து வந்ததால் அவருக்கு அந்தப் பெயர். வெளிநாட்டில் பெரிய பெரிய மதில்களைப் பார்த்தவர். தனக்கும் அப்படியொன்று வேண்டும் என்று நினைத்தது குற்றமில்லை. அதை ஒழுங்கைக்குள் கட்டியதுதான் குற்றம். மதில் முடிந்தால் மிஞ்சும் வழியில் ஒரு ஆள் வயிற்றை எக்கிக்கொண்டு பக்கவாட்டில் போகலாம். புதுமாப்பிள்ளை போக முடியாது. அலுமாரி போகவே முடியாது. யாராவது மௌத்தானால் உடலைத் தூக்கிப் போகும் சந்தூக்கு வெளியே வராது.

"இது என்ட காணி," என்றார் ஹாஜியார். "இவ்வளவு காலமும் நீங்க நடந்தது எங்கட தயவுல. இல்ல, வழி உங்கட எண்டா கடதாசியக் காட்டுங்க. கடதாசி இரிந்தா நானே ஒடைக்கிறன்."

அங்கேதான் சிக்கல். சுனாமியில் கடல் ஊருக்குள் வந்த அன்று ராத்தாவின் வீட்டு இரும்புப் பெட்டி, அதற்குள் இருந்த காணி உறுதி, தீர்ப்பு எல்லாவற்றோடும் போய்விட்டது. ஆனால் வழக்கொன்று நடந்தது ஊருக்கே தெரியும். அதன் பெயர் 'ஆதம்பாவா கேஸ்'. ஆதம்பாவா, ராத்தாவின் வாப்பா. கடல் தொழிலாளி. இந்த ஒழுங்கைக்காக வழக்காடி வென்றவர் என்று தெருவில் வயதான எவரைக் கேட்டாலும் சொல்வார்கள். ராத்தா சொல்வதில் கொஞ்சம் மசாலா கூட இருக்கும்.

"எங்க வாப்பா கோட்டுல ஏறி நிண்டு கதைச்சாராம் தம்பி, நீதவான் வாயத் தொறந்து பாத்துக்கிட்டு இரிந்தாராம். எதிராளிட லோயர் தண்ணி கேட்டாராம். அப்பிடிக் கதை."

வீட்டுப் பிரதி கடலுக்குப் போனாலும் நீதிமன்றப் பிரதி நீதிமன்றத்தில் இருக்கத்தானே வேண்டும்? இதுதான் ராத்தாவின் வாதம். சரியான வாதம். அந்த வாதத்தோடு அவர் நேரே பதிவறைக்குப் போனார். பின்னால் பிளாஸ்க்கைத் தூக்கிக்கொண்டு நான்.

பழைய வழக்கேடுகளுக்குப் பொறுப்பானவர் பக்கத்துத் தமிழ்க் கிராமத்து மனிதர், மெல்லிய உடம்பு, அதைவிட மெல்லிய குரல். பொறுமைக்கென்றே பிறந்தவர். பிறக்காவிட்டாலும் ராத்தா பழக்கியிருப்பார்.

"வழக்கு இலக்கம் சொல்லுங்க அக்கா."

"இலக்கம் தெரிஞ்சா நான் ஏன் உங்களுக்கிட்ட வாறன் ஐயா? வழக்கப் பாத்துத்தானே இலக்கத்த எடுக்கணும்?"

"இலக்கம் இருந்தாத்தானே அக்கா வழக்க எடுக்கலாம்?"

இரண்டு பேரும் சொன்னது நியாயம். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"சரி, எந்த வருசம்?"

"பெரிய சூறாவளிக்கு முந்தி."

"எவ்வளவு முந்தி?"

"எங்கட வளவுத் தென்னையெல்லாம் நிக்கக்குள்ள."

ஐயா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு ஒரு தாளை எடுத்து, முறை இன்னதென்று ஆறுதலாகச் சொல்லிக்கொடுத்தார். இலக்கம் தெரியாவிட்டால் தேடுவதற்கு எழுத்தில் ஒரு விண்ணப்பம். அதில் வாதியின் பெயரும் கிட்டத்தட்ட வருடமும். அந்தந்த வருடத்து வழக்குப் பதிவேட்டில் வாதியின் பெயரைப் பார்த்து இலக்கத்தை எடுக்கலாம். இலக்கம் கிடைத்தால் சட்டத்தரணி ஒருவர் மூலம் மோஷன் என்ற மனுப் போட வேண்டும். கட்டணம் கட்ட வேண்டும். நீதிமன்றம் அனுமதித்தால் சான்றுப்படுத்திய பிரதி. வழக்கோடு உங்களுக்கு என்ன சம்பந்தம் என்பதையும் காட்ட வேண்டும்.

"என்ன சம்பந்தமா? அது எங்க வாப்பா!"

"அதத்தான் அக்கா எழுதச் சொல்றன்."

ராத்தாவுக்கு மனிதர்கள் சொல்வதில் பாதிதான் காதில் ஏறும். மீதிப் பாதிக்கு அவரே சட்டம் இயற்றிக்கொள்வார். 'எழுத்தில் விண்ணப்பம்' என்ற சொல் மட்டும் அன்று நன்றாக ஏறிவிட்டது. அதோடு தகவல் அறியும் உரிமைச் சட்டம் என்று ஒன்று இருப்பதையும் வானொலியில் கேட்டுவிட்டார். என் விசைப்பலகைக்கு ஏழரைச் சனி பிடித்தது.

முதலில் மாநகர சபைக்கு ஒரு விண்ணப்பம். பிறகு நில அளவையாளருக்கு. பிறகு தபாற்கந்தோருக்கு, அந்தக் காலத்தில் வாப்பாவுக்கு நீதிமன்றத்திலிருந்து வந்த கடிதங்களின் விபரம் கேட்டு. எல்லா இடத்திலிருந்தும் மரியாதையாகப் பதில் வந்தது: நீங்கள் கேட்பது எங்களிடம் இல்லை, நீதிமன்றத்தில் கேட்கவும். வேறு யாராக இருந்தாலும் மனம் விட்டுப்போயிருக்கும். ராத்தா பூரித்துப்போனார்.

"பாத்தியா தம்பி, எல்லாரும் ஒரே கதைதான் சொல்றாங்க. அப்ப கோட்டுலதான் இரிக்கு!"

கட்டார் ஹாஜியாருக்கும் ஒன்று அடித்தோம். மதிலின் நீளம், அகலம், நோக்கம் ஆகிய தகவல்களைக் கேட்டு. தனியாட்களிடம் இந்தச் சட்டத்தில் கேட்க முடியாது ராத்தா என்று சொல்லிப் பார்த்தேன். "கேக்க ஏலாது எண்டு சட்டத்துல எங்க இரிக்கு? அந்தப் பக்கத்தக் கொப்பி அடி" என்றார்.

அந்தச் சூட்டில் தன் கணவருக்கும் ஒன்று கொடுத்தார். கணவர் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். அண்ணனை நாங்கள் காக்கா என்போம், அவர் ட்றைவர் காக்கா. வாழ்நாள் முழுக்க ஹோர்ன் அடித்த களைப்போ என்னவோ, வீட்டில் சத்தமே இல்லாத மனிதர். 'பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பள்ளிக்குப் போனவர் இரவு இஷா முடிந்தும் வீட்டுக்கு வராத காரணத்தை அறியத் தரவும்' என்பதுதான் கேட்கப்பட்ட தகவல். மறுநாள் ட்றைவர் காக்கா கடைக்கு வந்தார். தாளை மேசையில் விரித்து, குரலைத் தாழ்த்தி, "தம்பி, இதுக்குப் பதில் குடுக்க எவ்வளவு நாள் தவணை இரிக்கு?" என்று கேட்டார்.

இதற்கிடையில் பதிவறைத் தேடலும் நடந்தது. காலையில் நீதிமன்றக் கதவு திறக்கும்போது ராத்தா வாசலில். ஐயாவுக்கு ரொட்டியும் கட்டச் சம்பலும் கொண்டுவந்திருப்பார்.

"வேணாம் அக்கா. இது கையூட்டாகிடும்."

"கையூட்டு எண்டா வேலைய முடிச்சுத் தாறவங்களுக்குக் குடுக்கிற. நீங்க இன்னும் ஒண்டும் கண்டுபிடிக்கல்லயே? இது பசிக்கு. தின்னுங்க."

ஐயா சாப்பிடவில்லை. ஆனால் அன்று பின்னேரம் வழமையைவிட இரண்டு பதிவேடு கூடுதலாகப் பார்த்தார் என்று நினைக்கிறேன்.

ஒரு நாள், வாதி ஆதம்பாவா என்று ஒரு வழக்குக் கிடைத்தது. ராத்தா போட்ட சத்தத்தில் பக்கத்து மன்றில் சாட்சி சொல்லிக்கொண்டிருந்தவர் நிறுத்திவிட்டார். ராத்தா லோயர் தங்கச்சி என்று கூப்பிடும் சட்டத்தரணியைப் பிடித்து மோஷன் போட்டு, கட்டணம் கட்டி, பிரதி கைக்கு வந்தது. கடையில் வைத்து நான் வாசித்தேன். அது ஒழுங்கை வழக்கு அல்ல, எருமை வழக்கு. ஆதம்பாவாவும் வேறு ஆதம்பாவா. சவளக்கடைப் பக்கம் அவருடைய வேளாண்மைக்குள் யாரோ ஒருவருடைய எருமைகள் இறங்கி, கதிர் தள்ளவிருந்த குடலைப் பருவத்து நெல்லைத் தின்று தீர்த்திருந்தன.

நான் தாளை மடித்தேன். "ஏன் மடிக்காய்? வாசி," என்றார் ராத்தா.

"இது வேற ஆள் ராத்தா."

"வேற ஆளெண்டா என்ன? எரும தின்னது தின்னதுதானே. நஷ்டம் குடுத்தாங்களா இல்லயா?"

கடைசிப் பக்கம் வரை வாசிக்க வைத்தார். தீர்ப்பு ஆதம்பாவா பக்கம். ராத்தாவுக்கு நிம்மதி. அந்த நிம்மதி போதாமல், அடுத்த நாள் பஸ் பிடித்துச் சவளக்கடைக்கே போய், அந்தக் குடும்பத்தைத் தேடிப் பிடித்து, "உங்கட ஆள் வென்றிரிக்காரு, இந்தாங்க கொப்பி" என்று கொடுத்துவிட்டு வந்தார். எருமையும் செத்து, எருமைக்காரனும் செத்து, வயலும் கைமாறிவிட்டதாம். ஆனாலும் அந்த வீட்டார் சந்தோசப்பட்டார்களாம். பச்சரிசி கொஞ்சம் தந்தனுப்பினார்களாம். ராத்தா அதை மாவாக்கி அடுத்த நாள் ஐயாவுக்கு அப்பமாகக் கொண்டுபோனார்.

சிரிப்பெல்லாம் இதோடு சரி. மதில் வளர்ந்துகொண்டிருந்தது. மேசன்மார் இடுப்பளவு எழுப்பிவிட்டார்கள். மாப்பிள்ளை வீட்டார் ஒரு நாள் வீடு பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளையின் உம்மா உடம்பு கொஞ்சம் பெருத்த மனுசி. ஒழுங்கையில் பாதி வழி வந்தவர், சாரித் தலைப்பு சீமெந்தில் உரச, நின்றுவிட்டார்.

"வழி இல்லாத ஊட்டுக்கு என்ட மகன எப்பிடிக்கா அனுப்புற?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் ராத்தாவைச் சுட்டது. நிக்காஹ் நாளைத் தள்ளிவைத்தால் நல்லது என்றும், பிறகு பார்ப்போம் என்றும் சொல்லிவிட்டுப் போனார்கள். பிறகு பார்ப்போம் என்பதன் அர்த்தம் எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும்.

அன்று ராத்தா கடைக்கு வந்து குடையைச் சுருட்டாமலே உட்கார்ந்திருந்தார். மகள் காலையிலிருந்து சோறு தின்னவில்லை என்றார். அவ்வளவுதான் சொன்னார். நான் பயந்துபோனேன். அவர் சத்தம் போட்டால் தாங்கலாம். கொஞ்ச நேரத்தில் எழும்பினார்.

"பழைய வழக்குக் கிடைக்காட்டிப் போகட்டும். புது வழக்குப் போடுவம். வா லோயர்ட."

லோயர் தங்கச்சி புதிதாகத் தொழிலுக்கு வந்த கெட்டிக்காரப் பிள்ளை. அவருடைய அறையில் ராத்தா, ட்றைவர் காக்கா, நான். அவர் பேனையைத் திறந்து, "முதல்ல வாதிட பேரச் சொல்லுங்க" என்றார்.

ட்றைவர் காக்கா தொண்டையைச் செருமினார். அந்த மனிதர் அவையில் கதைத்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. "என்ட பேரப் போடுங்க லோயர். நான்தானே குடும்பத்துத் தலைவன். கோட்டுல ஆம்பிள ஆள் நிண்டாத்தான் ஒரு இது இரிக்கும்."

ராத்தா கதிரையோடு திரும்பினார்.

"என்ன? என்ட வளவுக்கு நீங்க ஆரு வழக்குப் போடுறதுக்கு? எங்கும்மா எனக்கு எழுதித் தந்த வளவு. நீங்க பெட்டியோட வந்த ஆள். அந்த ஊட்டுல உங்கட பேர்ல இரிக்கிறது உங்கட பல்லுத் தீட்டுற பிறஷ் மட்டுந்தான். வாதியாம் வாதி! ஊட்டுக்காரி நான் குத்துக்கல்லாட்டம் இரிக்கக்குள்ள பிறத்தியான் எப்பிடி வாதியா..."

அப்படியே நிறுத்திவிட்டார். வாய் திறந்தபடியே இருந்தது.

நான் அவரைப் பார்த்தேன். லோயர் என்னைப் பார்த்தார். ட்றைவர் காக்கா மட்டும், தன் பிறஷைப் பற்றிச் சபையில் சொன்ன கவலையில், நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தம்பி," என்றார் ராத்தா மெதுவாக. "எங்க வாப்பாவும் பெட்டியோட வந்த ஆள்தானே?"

ஊர் முழுக்க ஆதம்பாவா கேஸ் என்று சொன்னது. நாங்களும் வருடக் கணக்காக எழுதப்பட்ட பதிவேடுகளில் ஆதம்பாவா, ஆதம்பாவா என்று தேடினோம். வளவு அவருடையதே இல்லை. ராத்தாவின் உம்மாவுடையது. எங்கள் ஊரில் வீட்டை மட்டும் பெண்ணுக்குக் கொடுப்போம். வீட்டில் நடக்கும் நல்லது கெட்டதை ஆணின் பெயரில் சொல்லுவோம். இது இந்தக் கரையில் பிறந்தவர்கள் மட்டும் செய்யக்கூடிய பிழை. நானும் இங்கேதான் பிறந்தேன். எனக்கும் புத்தி ஓடவில்லை.

"எங்கும்மாவா?" என்றார் ராத்தா, நம்பாமல். "அது வாசல் கடப்படி தாண்டாத மனுசிகா. ஆரும் வந்தா கதவுக்குப் பின்னால நிண்டு கதைக்கும். அது எங்க கோட்டுக்குப் போற?"

நம்பினாலும் நம்பாவிட்டாலும், ஐந்து நிமிடத்தில் பதிவறையில் நின்றோம். சம்பந்தம் காட்ட விண்ணப்பத்தோடு கொடுத்திருந்த ராத்தாவின் பிறப்புச் சான்றிதழில் தாயின் முழுப் பெயர் இருந்தது. ஐயா ஏற்கெனவே பார்த்து முடித்த பதிவேடுகளை ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் திரும்ப இறக்கினார். அவருடைய விரல் ஒரு பக்கத்தில் மேலிருந்து கீழாக இறங்கி வந்து ஓரிடத்தில் நின்றது. வாதி, ஆசியா உம்மா. அதே பக்கத்தை இதற்கு முன் நாங்கள் மூன்று பேரும் சேர்ந்து தாண்டிப் போயிருக்கிறோம்.

"அக்கா," என்றார் ஐயா, "இப்ப இலக்கம் இருக்கு."

மோஷன் போய், அனுமதி கிடைத்து, சான்றுப்படுத்திய பிரதி முத்திரையோடு கைக்கு வந்தது. லோயர் தங்கச்சி கெட்டிக்காரி என்று சொன்னேனே, தீர்ப்பாணையை மட்டும் எடுக்காமல் முழு வழக்கேட்டுக்கும் பிரதி கேட்டிருந்தார். ராத்தாவுக்கு அன்று தீர்ப்பாணை ஒன்றே போதும். அந்த ஒரு தாளைப் பிடுங்கிக்கொண்டு ஒழுங்கைக்குப் பாய்ந்தார். நாங்கள் பின்னால் ஓடினோம். மதில் நெஞ்சளவு வந்திருந்தது.

கட்டார் ஹாஜியார் தாளை வாங்கி வாசித்தார். வண்டி போய்வரக் கூடிய அகலத்தில் அந்த ஒழுங்கை உள்வளவுக்குச் சொந்தமான வழி என்று, இரு பகுதியும் இணங்கிக்கொண்ட தீர்ப்பு. இது நிலத்தோடு போகும் உரிமை, ஆள் மாறினாலும் மாறாது என்று லோயர் விளக்கினார். ஹாஜியார் மறுபடி வாசித்தார். பிறகு, "இதுல பிரதிவாதி எண்டு போட்டிரிக்கிற பொம்புள ஆரு? எனக்குத் தெரியாது. என்ட பேரும் இல்ல, என்ட வாப்பாட பேரும் இல்ல. என்னக் கட்டுப்படுத்தாது" என்றார்.

உள்ளேயிருந்து ஒரு குரல் வந்தது. "அந்தப் பேரத் திரும்ப ஒருக்கா வாசிங்க."

ஹாஜியாரின் மனைவி. அடுப்படியிலிருந்து அப்படியே கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றார். ஹாஜியார் வாசித்தார்.

"அது எங்கும்மா," என்றார் அந்த மனுசி.

அவர் தாளை வாங்கவில்லை, தொடவில்லை. கணவரை மட்டும் பார்த்தார்.

"எங்கும்மா கோட்டுல ஒத்துக்கிட்டுக் குடுத்த வழி. இது என்ட வளவு. என்ட வளவுல மதில் கட்ட உங்களுக்கு ஆர் சொன்ன?"

கட்டார் ஹாஜியாரும் ஒரு காலத்தில் பெட்டியோடு வந்தவர்தான். வெளிநாட்டில் நெடுங்காலம் இருந்ததில் மறந்துபோயிருக்கிறார். மாமி என்றே கூப்பிட்டுப் பழகியதில் மாமியாரின் பெயரையும் கேட்டு வைக்கவில்லை. மேசன்மார் கரண்டியோடு நின்று யார் முதலாளி என்று பார்த்தார்கள். அவர்களுக்கு விளங்கிவிட்டது. ட்றைவர் காக்கா போய் ஹாஜியாரின் தோளில் கைபோட்டு, "வாங்க, பள்ளிப் பக்கம் போய்ட்டு வருவம்" என்று கூட்டிக்கொண்டு போனார். அஸருக்குப் போன இருவரும் இஷா முடிந்துதான் வந்தார்கள். அன்று யாரும் விளக்கம் கேட்கவில்லை.

மறுநாள் மதில் இறங்கியது. அடுத்த நாள் மாப்பிள்ளையின் உம்மா தானே வந்து ஒழுங்கையில் நிமிர்ந்து நடந்து பார்த்துவிட்டு, குறித்த நாளிலேயே வைப்போம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு ஒரு பின்னேரம். கடையில் கூட்டம் இல்லை. ராத்தா வந்தார். வழக்கேட்டின் மீதித் தாள்களைக் கொண்டுவந்திருந்தார்.

"இதுல மிச்சத்துல என்ன கிடக்கு? வாசி பாப்பம்."

பழைய தட்டச்சு, எழுத்துக்கள் பாதி அழிந்திருந்தன. அது அவருடைய உம்மாவின் சாட்சியம். கடப்படி தாண்டாத மனுசி என்று ராத்தா சொன்ன அந்தப் பெண், சாட்சிக் கூட்டில் ஏறி நின்று, எதிர்த் தரப்புச் சட்டத்தரணியின் குறுக்கு விசாரணைக்குப் பதில் சொல்லியிருக்கிறார். நான் வாசித்தேன்.

கேள்வி: உமது கணவர் ஏன் வரவில்லை?

பதில்: அவர் கடலுக்குப் போய்விட்டார். வளவு என்னுடையது. நான் வந்திருக்கிறேன்.

கேள்வி: ஒரு ஆள் நடக்கக்கூடிய வழி உமக்குப் போதாதா?

பதில்: எனக்குப் போதும். என் மகளுக்குப் போதாது. நாளைக்கு அவளுக்கு மாப்பிள்ளை வரும்போது ஊரோடு சேர்ந்து வர வேண்டும். அவள் ஒதுங்கி ஒதுங்கிப் போகக் கூடாது.

கேள்வி: மகள் எங்கே?

பதில்: இந்தா, என் இடுப்பில் இருக்கிறாள்.

அதற்குக் கீழே அடைப்புக்குறிக்குள் ஒரு வரி. நீதிமன்றச் சுருக்கெழுத்தாளர் கடமை தவறாமல் எழுதி வைத்திருந்தார்: 'குழந்தை பலமாக அழுததால் விசாரணை சிறிது நேரம் ஒத்திவைக்கப்பட்டது.'

ராத்தா முக்காட்டுத் தலைப்பால் முகத்தை ஒரு தரம் துடைத்தார். பிறகு இன்னொரு தரம்.

"தம்பி, அழுதது நானா?"

"ஓம் ராத்தா. நீங்கதான். பால்குடி வயசிலேயே கோட்ட நிப்பாட்டியிரிக்கீங்க."

சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது அவருக்கு. எனக்கும்தான். "ஒண்டும் சொல்லல்லயே கா," என்றார், என்னிடமல்ல. "மௌத்தாகும் வரைக்கும் ஒரு சொல்லுச் சொல்லல்லயே. ஊரெல்லாம் வாப்பா வாப்பா எண்டு சொல்லக்குள்ள கேட்டுக்கிட்டுத்தானே இரிந்த." தாளை என் பக்கம் திரும்பத் தள்ளினார். "அந்த இடுப்புல இரிக்கிறாள் எண்டத் திரும்ப வாசி மனே."

வாசித்தேன். திரும்பக் கேட்டார். திரும்பவும் வாசித்தேன். ரீலோட் போட வந்த இரண்டு பேரைப் பிறகு வரச் சொல்லிவிட்டு வாசித்தேன்.

மகள் இப்போது அந்த வீட்டில்தான் இருக்கிறாள். ராத்தாவின் வழக்கு முடிந்து நாளாகிவிட்டது. ஆனால் இன்றும் பழைய வழக்கொன்று தேடுகிற யாரையாவது கூட்டிக்கொண்டு வந்து, "பொம்புளட பேர்ல பாருங்க ஐயா" என்று பதிவறையில் நிற்பார். பிளாஸ்க்கைக் கொப்பி மெசினுக்கு மேலே வைக்காதீர்கள் என்று நானும் ஒவ்வொரு தடவையும் சண்டை பிடிப்பேன். அவர் வராத நாளில் அந்த இடத்தைத் துடைத்து, வெறுமனே விட்டு வைத்திருப்பேன்.